காப்புப்பிரதி ஸ்கிரிப்டிலிருந்து கடவுச்சொற்களை அகற்றிய பதிவு

கிளிநொச்சிப் பக்கத்தில் உள்ள விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குக் கணினியில் ஒவ்வோர் இரவும் எட்டரை மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளை வரிசையாகச் செய்யும் சிறு நிரல், தானாக ஓடும். நெல் கொள்வனவு, உரக் கடன், அங்கத்தவர் பங்குப்பணம் ஆகிய பதிவுகள் எல்லாம் அடங்கிய மரியாடிபி தரவுத்தளத்தை வெளியில் எடுத்து, ஸிப் கோப்பாகப் பூட்டி, இணையத்தில் வாடகைக்கு எடுத்த சிறிய சேவர் ஒன்றுக்கு அனுப்பி, வேலை முடிந்ததெனக் கணக்காளருக்கு மின்னஞ்சல் போடுவது அதன் பணி. எனக்கு முன்னர் அந்தக் கணினியைப் பராமரித்தவர் எழுதியது; நாற்பது வரிகூட வராது; ஆனால் அதற்குள்ளும், அதை நேரத்துக்கு ஓட்டும் கிரான் அட்டவணையிலுமாக, தரவுத்தளத்துக்கு ஒன்று, ஸிப்புக்கு ஒன்று, சேவருக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று என நான்கு கடவுச்சொற்கள் வெளிப்படையாகக் கிடந்தன. இப்போது மூன்று முற்றாகப் போய்விட்டன, நான்காவது மிஞ்சியிருக்கிறது.

இத்தனை காலம் அதைத் தொடாமல் விட்டதற்குக் காரணம், அந்தக் கணினியில் கணக்காளரையும் என்னையும் தவிர வேறு எவரும் நுழைவதில்லை என்பதுதான். காலபோக அறுவடை வந்தபோது நிலைமை மாறியது. கொள்வனவுப் பதிவுக்கு இரண்டு தற்காலிக உதவியாளர்களைச் சங்கம் எடுத்தது. அவர்களுக்கும் அதே கணினியில் தனித்தனிப் பாவனையாளர் கணக்கு திறக்க வேண்டியிருந்தது. திறப்பதற்கு முன்னர், சாதாரணப் பாவனையாளர் ஒருவரின் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பார்க்க, அதிகாரம் ஏதும் இல்லாத சோதனைக் கணக்கு ஒன்றை உருவாக்கி, ஸ்கிரிப்ட் ஓடும் நேரத்தில் அதற்குள் இருந்து, ஓடும் செயலிகளைப் பட்டியலிடும் பீஎஸ் கட்டளையைத் தட்டினேன்.

தரவுத்தளத்தின் கடவுச்சொல் முழுதாகத் திரையில் நின்றது. லினக்ஸில் ஓடுகின்ற ஒவ்வொரு செயலியின் கட்டளை வரியும் வழக்கமாக எல்லாப் பாவனையாளருக்கும் தெரியும். மரியாடிபியின் கருவிகளும், இணையத்தில் தரவு அனுப்பும் கர்லும், தொலைக் கணினி இணைப்புக்குக் கடவுச்சொல் கொடுக்கும் எஸ்எஸ்எச்பாஸும் தங்களுக்குக் கொடுக்கப்பட்ட கடவுச்சொல்லைத் தொடங்கியவுடனேயே தங்கள் வரியில் அழித்துவிடுகின்றன. அதனால் அவற்றில் இருப்பது ஒரு கண நேர ஆபத்து. ஆனால் இங்கே கடவுச்சொல் கிரான் அட்டவணையிலிருந்து ஸ்கிரிப்டுக்கு ஒரு சொல்லாகக் கொடுக்கப்பட்டிருந்தது. ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ் எதையும் அழிப்பதில்லை. கைத்தொலைபேசி வலையமைப்பில் கோப்பு ஏறி முடியும் வரை, அதாவது பத்து நிமிடத்துக்கும் மேலாக, அந்தச் சொல் அங்கேயே நிற்கும். உயர் அதிகாரம் தரும் சுடோ மூலம் கையால் ஓட்டிய நாட்களின் பதிவேட்டிலும் அதே வரி கடவுச்சொல்லோடு பதிந்திருந்தது. பாஷ் வரலாற்றுக் கோப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

பிறருடைய செயலிகளை மறைக்கும் ஓர் ஏற்பாடு லினக்ஸில் உண்டு. செயலிகளின் விவரங்களைக் காட்டும் புரொக் கோப்பு முறைமையை ‘ஹைட்பிட்’ என்ற தெரிவோடு ஏற்றினால் ஒருவர் தன்னுடைய செயலிகளை மட்டுமே காண்பார். அதை ஒரு மாலை போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். பதிவேட்டிலும் வரலாற்றிலும் கிடப்பதை அது தொடாது.

அடுத்து நான் எடுத்த வழி சுற்றுவழி. வெளிப்பட்ட கடவுச்சொல்லை முதலில் மாற்றிவிட்டு, அதைக் கொடுக்கும் முறையைப் பிறகு ஆறுதலாகத் திருத்தலாம் என்று எண்ணினேன். இருபத்துநான்கு குறியீடுகள் கொண்ட புதிய கடவுச்சொல்லை ஒரு கருவி உருவாக்கித் தந்தது. அதில் ஒரு சதவீதக் குறியும் (%) ஒரு ஹாஷ் குறியும் (#) இருந்தன. கையால் ஓட்டினால் ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடியது. இரவில் கிரான் ஓட்டினால் அனுமதி மறுக்கப்பட்டது என்று நின்றது. கிரான் அட்டவணையில் சதவீதக் குறிக்குத் தனிப்பொருள் உண்டு: முன்னால் பின்சாய்கோடு இல்லாவிட்டால் கட்டளை அந்த இடத்தோடு முடிந்துவிடும், மீதி முழுவதும் உள்ளீடாகப் போய்விடும். ஆகவே ஸ்கிரிப்டுக்குக் கிடைத்தது பாதிக் கடவுச்சொல். கோப்பின் பெயரில் திகதியைச் சேர்க்க முயன்று இதே பள்ளத்தில் விழுந்தவர்கள் பலர் இருப்பார்கள்.

அதைக் கண்டபின் கிரான் வரியில் கடவுச்சொல் எழுதுவதைக் கைவிட்டு, மரியாடிபியின் தெரிவுக் கோப்பு முறைக்குப் போனேன். ‘கிளையன்ட்’ என்ற தலைப்பின் கீழ்ப் பாவனையாளர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுதி, உரியவர் மட்டும் வாசிக்கும்படி 600 அனுமதி கொடுத்து, அந்தக் கோப்பின் இடத்தைக் கட்டளைக்குச் சொல்லிவிடலாம். இதில் மூன்று நுணுக்கங்கள் உண்டு. இடத்தைச் சொல்லும் தெரிவு, கட்டளையின் முதல் தெரிவாக வர வேண்டும். இரண்டாவதாக வைத்தால் அப்படி ஒன்றை அறியேன் என்று கருவி மறுக்கும். கோப்பை உருவாக்கிய பிறகு அனுமதியைக் குறைத்தால் இடையில் சிறு நேரம் அது திறந்தே கிடக்கும் என்பதால், முதலில் புதுக் கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் யூமாஸ்கை 077 ஆக்கிவிட்டு உருவாக்குவது நல்லது. மூன்றாவது, நான் சற்று நேரம் திணறிய இடம். கோப்பு சரி, அனுமதி சரி, ஆனால் மறுபடியும் அதே மறுப்பு. தெரிவுக் கோப்பில் ஹாஷ் குறி வரியின் நடுவில் வந்தாலும் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் குறிப்புரையாகக் கொள்ளப்படும். கடவுச்சொல்லை மேற்கோள் குறிகளுக்குள் இட்டதும் ஓடியது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம், பெரும்பாலான ஸ்கிரிப்டுகளுக்கு அதுவே போதும். ஆனால் தரவுத்தளமும் ஸ்கிரிப்டும் ஒரே கணினியில் இருக்கும்போது கடவுச்சொல் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. லினக்ஸ் வகையான டெபியன் 12இல் வரும் மரியாடிபி 10.11, ஒரே கணினிக்குள் செயலிகள் பேசிக்கொள்ளும் யுனிக்ஸ் சொக்கெட் வழியாக வருபவர் யார் என்பதை இயங்குதளத்திடமே கேட்டு அறிந்துகொள்ளும்; அதற்கான செருகுநிரல் 10.4 தொடக்கம் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருக்கிறது. ‘காப்பு’ என்ற பெயரில், உள்நுழைவு ஷெல் இல்லாத முறைமைப் பாவனையாளர் ஒருவரை உருவாக்கினேன். தரவுத்தளத்திலும் அதே பெயரில் ஒருவரைச் சொக்கெட் அடையாளத்தோடு உருவாக்கி, பிரதி எடுக்கத் தேவையான உரிமைகளை மட்டும் கொடுத்தேன்: செலெக்ட், ஷோ வியூ, ட்ரிகர், இவென்ட். அட்டவணைகளைப் பூட்டும் உரிமையைக் கொடுக்கவில்லை. அட்டவணைகள் எல்லாம் பரிவர்த்தனைகளைத் தாங்கும் இன்னோடிபி வகை என்பதால் ஒற்றைப் பரிவர்த்தனைத் தெரிவோடு எடுத்தால் பூட்டுத் தேவைப்படாது. முதல் முறை ஷோ வியூ கொடுக்காமல் ஓட்டியபோது, கடன் நிலுவையைக் காட்டும் வியூ (சேமித்து வைத்த வினவல்) ஒன்றில் வந்து நின்றது.

இதில் ஒரு சிறு கவனம் வேண்டும். பழைய ஸ்கிரிப்டில் தரவுத்தளத்தின் முகவரி 127.0.0.1 என்று இருந்தது. அப்படி எழுதினால் கருவி வலையமைப்பு வழியாகப் போகும். சொக்கெட் அடையாளம் செல்லாது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரை எழுத வேண்டும், அல்லது முகவரியையே எழுதாமல் விட வேண்டும். அதைத் திருத்தியதும் முதலாவது கடவுச்சொல் கோப்போடு சேர்ந்து போய்விட்டது. இனி அதை மறைக்க வேண்டியதும் இல்லை, மாற்ற வேண்டியதும் இல்லை.

அடுத்தது சேவருக்கு அனுப்பும் பகுதி. தொலைக் கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச், கடவுச்சொல்லை உள்ளீட்டிலிருந்து வாசிப்பதில்லை, முனையத்திடம் நேரடியாகக் கேட்கும்; ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் குழாய் வழியே கொடுத்தாலும் பொருட்படுத்தாது. அதனால்தான் பழைய ஸ்கிரிப்ட் எஸ்எஸ்எச்பாஸைப் பாவித்தது. அது போலி முனையம் ஒன்றைக் காட்டிக் கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுக்கும். அதைக் கோப்பிலிருந்து வாசிக்கச் செய்யலாம்தான். ஆனால் அந்தக் கடவுச்சொல் சேவரின் முழு அதிகாரமுள்ள கணக்குக்குரியது. அதை எங்கே ஒளித்தாலும் அது தரும் அதிகாரம் குறையாது.

‘காப்பு’ பாவனையாளருக்கு ஈடி25519 வகைச் சாவிச்சோடி ஒன்றை உருவாக்கினேன். இரவில் தட்டிக் கொடுக்க ஆள் இல்லை என்பதால் சாவிக்குக் கடவுத்தொடர் போடவில்லை. அதற்கு ஈடாக, அந்தச் சாவி செய்யக்கூடியதைச் சேவர் பக்கத்தில் மிகக் குறுக்கினேன். அனுமதிக்கப்பட்ட சாவிகளின் கோப்பில் சாவிக்கு முன்னால் ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்ற சொல்லையும் ஒரு கட்டாயக் கட்டளையையும் எழுதலாம். ‘ரெஸ்ட்ரிக்ட்’, 2016இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 7.2 தொடக்கம் உண்டு. முனையம், வாயில் திருப்புதல் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் மூடிவிடும். கட்டாயக் கட்டளை என்பது நான் எழுதிய சிறு ஸ்கிரிப்ட்: உள்ளீடாக வருவதைத் திகதியும் நேரமும் கொண்ட புதிய பெயரில் எழுதும், அந்தப் பெயரில் ஏற்கெனவே கோப்பு இருந்தால் மறுக்கும், எழுதி முடித்ததும், உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அதன் ஷா256 எண்ணைத் திருப்பி அனுப்பும். சாவியைத் திருடியவர் புதுக் கோப்பை இடலாம். பழையதை அழிக்கவோ வாசிக்கவோ முடியாது. அலுவலகக் கணினியில் ஏதாவது கேடான மென்பொருள் புகுந்தாலும் சேவரில் உள்ள பழைய பிரதிகள் தப்பும் என்பது கேளாமல் கிடைத்த இலாபம்.

ஷா256 திரும்பி வருவது அலங்காரத்துக்கு அல்ல. மழைக்காலத்தில் இங்கே இணைப்பு நடுவில் அறுவது வழக்கம். அறுந்தால் சேவர் பக்கத்தில் பாதிக் கோப்பு நின்றுவிடும், வந்தது முழுமையா என்று அதற்குத் தெரியாது. அனுப்பிய எண்ணும் திரும்பிய எண்ணும் ஒத்தால் மட்டுமே வேலை முடிந்ததாக எடுக்கிறேன். இல்லாவிட்டால் கால் மணி நேரம் கழித்துப் புதுப் பெயரில் மறுபடி அனுப்பும்.

இன்னொன்று: புதிய பாவனையாளரின் பெயரில் முதன்முறை இணையும்போது, சேவரின் அடையாளம் சரியா என்று எஸ்எஸ்எச் கேட்டு நிற்கும். என் பெயரில் ஏற்கெனவே ஆம் சொல்லியிருந்தது ‘காப்பு’க்குச் செல்லாது. இரவில் கேட்பதற்கு முனையம் இல்லாததால் ஸ்கிரிப்ட் இணைய முடியாமல் தவறியது. கேள்வியை முற்றாக அணைக்கும் தெரிவைப் பலர் பரிந்துரைப்பார்கள், அதைப் போடவில்லை. வாடகை நிறுவனத்தின் வலைமுனையத்தில் சேவரின் விரலடையாளத்தைப் பார்த்து, ஒப்பிட்டு, அறிந்த சேவர்களின் கோப்பில் கையால் சேர்த்தேன். இனி எந்தக் கேள்வி வந்தாலும் நிற்காமல் பிழையோடு வெளியேறும்படி ‘பச்மோட்’ தெரிவையும் இயக்கினேன்.

மூன்றாவது, ஸிப் கடவுச்சொல். ஸிப்பின் பழைய பூட்டு பலவீனமானது. உள்ளே இருப்பதில் ஒரு பகுதி தெரிந்தால் அதை உடைக்கலாம் என்று மறையாக்க ஆய்வாளர்கள் பீஹாமும் கோச்சரும் 1994இலேயே காட்டிவிட்டார்கள். எங்கள் கோப்பின் தொடக்கம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரே மாதிரி. அதைவிடப் பெரிய குறை, பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சொல் என்பது. பூட்ட மட்டுமே வேண்டிய கணினியில் திறக்கும் சொல் ஏன் இருக்க வேண்டும்?

இதற்கு, கோப்புகளைப் பூட்டும் ஏஜ் என்ற சிறு கருவியை எடுத்தேன். டெபியனில் பொதியாகவே இருக்கிறது. அதிலும் கடவுத்தொடர் கொண்டு பூட்டும் வழி உண்டு, ஆனால் கடவுத்தொடரை முனையத்தில் மட்டுமே கேட்கும், ஸ்கிரிப்டுக்கு உதவாது. பொதுச் சாவியால் பூட்டி, தனிச்சாவியால் மட்டும் திறக்கும் முறைதான் இங்கே பொருந்தும். என் மடிக்கணினியில் சாவிச்சோடியை உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் அலுவலகக் கணினியில் வைத்தேன். இப்போது அந்தக் கணினி நேற்றுத் தான் பூட்டிய கோப்பை இன்று தானே திறக்க முடியாது.

ஓட்டத்தின் ஒழுங்கையும் மாற்றினேன். முன்னர் எல்லாம் ஒரே குழாயில் ஓடும். தரவுத்தளம் எடுப்பது தவறினாலும் வெற்றுக் கோப்பு ஒன்று ஒழுங்காகப் பூட்டப்பட்டு ஒழுங்காகப் போய்ச் சேரும். இப்போது 700 அனுமதி கொண்ட தற்காலிக அடைவுக்குள் முதலில் எடுத்து, கடைசி வரியில் முழுமையடைந்த குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகே சுருக்கிப் பூட்டுகிறது. 180 மெகாபைட் அளவில் வெளிவருவது சுருங்கி 22 ஆகிறது. பூட்டுவதால் அளவு குறிப்பிடும்படி கூடுவதில்லை.

இதைச் சங்கத்தின் முகாமையாளருக்கு விளக்கியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “தம்பி, நீர் இல்லாத நாளில உதை ஆர் திறக்கிறது?” நியாயமான கேள்வி. ஏஜின் தனிச்சாவி ஒரே வரி, 74 குறியீடுகள், எல்லாம் பெரிய எழுத்தும் இலக்கமும் இணைப்புக்கோடும். முன்னொட்டுக்குப் பின்வரும் பகுதியில் ஓ என்ற எழுத்தோ ஐ என்ற எழுத்தோ வராது. ஆகவே பூச்சியத்தோடும் ஒன்றோடும் குழம்ப வழியில்லை. அதைப் பெரிய அளவில் அச்சிட்டு இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று கடித உறையில் ஒட்டி, மேலே கையொப்பமிட்டு, சங்கத்தின் இரும்புப் பெட்டிக்குள். மற்றது சங்கத் தலைவரின் பொறுப்பில். அச்சிட்ட கோப்பை மடிக்கணினியில் அழித்தேன். அச்சு இயந்திரம் நேரடி வடத்தில் இணைந்தது, வலையமைப்பில் இல்லை.

கடதாசியில் இருக்கிறது என்பது திறக்கும் என்பதற்கு உத்தரவாதம் அல்ல. அதனால் ஒட்டுவதற்கு முன்னர், கணக்காளர் அக்காவை வெற்று மடிக்கணினி ஒன்றின் முன் இருத்தி, கடதாசியைப் பார்த்து அவரையே தட்டச் சொன்னேன். நான் கை வைக்கவில்லை. முதல் முறை ஓர் எழுத்துப் பிசகியது. சாவிக்குள்ளேயே சரிபார்க்கும் குறியீடுகள் இருப்பதால் கருவி உடனே மறுத்தது. இரண்டாம் முறை திறந்தது. வெற்றுத் தரவுத்தளத்தில் ஏற்றி, அங்கத்தவர் தொகையையும் கடைசிப் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் அவர் பேரேட்டோடு ஒப்பிட்டார், ஒத்தன. செய்முறையை அவரே தம் கையெழுத்தில் ஒரு பக்கத்தில் எழுதி உறைக்குள் வைத்தார். என் மொழியில் எழுதியிருந்தால் அவருக்குப் பயன்பட்டிருக்காது.

மிஞ்சியது மின்னஞ்சல். இதற்குச் சாவி முறை இல்லை. கூகிள் கணக்கில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, பதினாறு எழுத்து கொண்ட செயலிக் கடவுச்சொல் ஒன்றைப் பெற்று, கர்லுக்கான அமைப்புக் கோப்பில் வைக்க வேண்டியதாயிற்று. கணக்காளர் அதைத் தம் விண்டோஸ் கணினியில் நோட்பாடில் ஒட்டி அனுப்பியிருந்தார். அதை அப்படியே பாவித்தபோது மறுக்கப்பட்டது. கேட் கட்டளையை ஏ தெரிவோடு ஓட்டியதும் வரியின் முடிவில் கேரேஜ் ரிட்டர்ன் என்ற காணாக் குறி தெரிந்தது. ஷெல் வரி முறிவை வெட்டுமே தவிர இதை வெட்டாது.

கோப்பைக் கொடுக்கும் வழியாக, லினக்ஸில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் ‘லோட்கிரெடென்ஷல்’ ஏற்பாட்டை எடுத்தேன். மூலக் கோப்பு முழு அதிகாரமுள்ள ரூட்டுக்கு மட்டும் உரியது, சேவை ஓடும் நேரத்தில் மட்டும், அந்தச் சேவைக்கு மட்டும், நினைவகத்தில் இருக்கும் அடைவு ஒன்றில் பிரதி கிடைக்கும், முடிந்ததும் மறையும். சூழல் மாறியில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அது பிற பாவனையாளருக்குத் தெரியாதுதான். ஆனால் ஸ்கிரிப்ட் அழைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் சொத்துப் போல வழிவழியாகப் போய்ச் சேரும், அவற்றில் எது பதிவேட்டில் கொட்டும் என்று சொல்ல முடியாது. சிஸ்டம்டிக்குப் போனதால் கிரானும் ஓய்வு பெற்றது. டைமரில் ‘பெர்சிஸ்டென்ட்’ தெரிவை இயக்கியிருப்பதால், மின்வெட்டில் எட்டரை மணி தவறினாலும் கணினி மறுபடி எழும்பியவுடன் ஓடிவிடும். எங்கள் பகுதிக்கு இந்த ஒன்றுக்காகவே மாறலாம்.

துப்புரவு கடைசியில். பழைய நான்கு கடவுச்சொற்களையும் செல்லாதவையாக்கினேன். சேவரில் கடவுச்சொல் உள்நுழைவையே அணைத்தேன். வரலாற்றுக் கோப்பை அழிப்பதைவிட இதுதான் முக்கியம், ஏனெனில் எங்கெங்கே பிரதி கிடக்கிறது என்று எவரும் முழுதாகக் கூற முடியாது. பழைய ஸ்கிரிப்டில் பிழை தேடுவதற்காக ‘செட் எக்ஸ்’ இயக்கியிருந்த நாட்களின் கிரான் கடிதங்கள், ஒவ்வொரு கட்டளையும் கடவுச்சொல்லோடு விரிந்தபடி, உள்ளூர் அஞ்சல் கோப்பில் கிடந்தன.

செலவென்று பார்த்தால் மென்பொருளுக்கு ஒன்றும் இல்லை. சேவருக்கு மாதம் ஐந்து டொலர். அது முன்பே போய்க்கொண்டிருந்தது. அச்சுக்கும் உறைக்கும் இருநூறு ரூபாவுக்குள். நேரத்தைத் தின்றது சதவீதக் குறியும் ஹாஷ் குறியும்தான். மறுபடி செய்வதானால் கடவுச்சொல்லைக் கொடுக்கும் முறையை முதலில் திருத்தி, அது ஓடியபின் கடவுச்சொல்லை மாற்றுவேன். இயந்திரம் மட்டும் பாவிக்கும் கடவுச்சொல்லில் குறியீடுகளே வேண்டாம்: எழுத்தும் இலக்கமுமாக 62இலிருந்து இருபத்துநான்கை எழுந்தமானமாக எடுத்தால் 142 பிட்டுக்கு மேல் வரும், அது தாராளம்.

மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் அந்தக் கணினியிலிருந்து எடுக்க வழி தெரிகிறது. அறிவித்தலை அனுப்ப வேண்டியது சேவர்தான். அலுவலகக் கணினி பழுதாகி நின்றால் அது எந்தக் கடிதமும் போடாது. கடிதம் வராததைக் கணக்காளர் கவனிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது. காலை ஆறு மணிக்குள் புதுக் கோப்பு வரவில்லை என்றால் சேவரே எச்சரிக்கை அனுப்பட்டும். சிறுபோகக் கொள்வனவு தொடங்கும் முன்னர் அதை மாற்றிவிட எண்ணியிருக்கிறேன்.